முழுகாமல் இருந்த மார்கழி

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி. அப்போது நாங்கள் மயிலாப்பூரில், லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். நான் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். பிறந்தது சாந்தோமில், கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிறு பூசைக்குக் கொஞ்சம் பிந்திப் போனாலும் அப்பா அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். வாழ்க்கைப்பட்டதோ பாப்டிஸ்ட் குடும்பத்தில். அவர்களுடைய சர்ச் மயிலாப்பூரிலும் இல்லை, அடையாறிலும் இல்லை. தரமணியைத் தாண்டி, ஏரிக்கரை ஓரமாக, வயலுக்கு நடுவில் இருந்த ஒரு கிராமத்தில் இருந்தது. அங்கே நெல் விளைந்தது என்று இப்போது சொன்னால் கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். விளைந்ததுதான், நான் பார்த்திருக்கிறேன்.

என் மாமனார் அந்த ஊர் செங்கல் சூளையில் மேஸ்திரியாக இருந்தவர். நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். குடும்பம் மயிலாப்பூருக்கு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அந்த ஊருக்குத்தான் போகவேண்டும் என்பதில் மாமியார் உறுதியாக இருந்தார். என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூரில் ஃபேக்டரி வேலை, பாதி ஞாயிறு ஷிஃப்டில் போய்விடும். அதனால் நானும் மாமியாரும்தான். அடையாறில் பஸ் மாறி, இறங்கி, ஏரிக்கரை மேலேயே நடப்போம். மார்கழியில் ஏரி ததும்பிக்கொண்டிருக்கும். பனி விலகாத அந்த நேரத்தில் எது வரைக்கும் தண்ணீர், எங்கிருந்து வானம் என்று தெரியாது. கோரைப்புல்லின் நுனி மட்டும் அங்கங்கே தெரியும். அந்த வெள்ளைக்குள்ளிருந்து முதலில் ஹார்மோனியச் சத்தம் வரும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்ச் வரும். நாங்கள் அதை நோக்கி நடக்கவில்லை, அதுதான் எங்களைப் பார்த்து வருகிறது என்று தோன்றும். மாமியாரிடம் ஒரு தடவை சொன்னேன். "பசிக்குதாம்மா?" என்று கேட்டார்.

பாப்டிஸ்ட்காரர்களுக்குக் கைக்குழந்தையின் தலையில் ஊற்றுகிற தண்ணீர் கணக்கில் வராது. வளர்ந்து, விவரம் தெரிந்து, தானாக மனசு வந்து, ஏரியில் இறங்கித் தலை முங்க முழுகி எழுந்தால்தான் ஞானஸ்நானம். முழுக்கு எடுத்தவர்தான் சபையில் அங்கத்தினர். நான் எடுக்கவில்லை. எனக்குச் சாந்தோமில் சின்னதிலேயே தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, அது செல்லாது என்று நானே ஒப்புக்கொண்டால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? கல்யாணமான நாளிலிருந்து இதில் பிடிவாதமாக இருந்தேன். மாமியார் வற்புறுத்தவில்லை. அவர் எதையும் வற்புறுத்தமாட்டார். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் ஒரு குழந்தை இல்லையே என்றுகூட ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று நான் நினைத்ததுண்டு. சண்டை போடவாவது ஆள் கிடைத்திருக்கும்.

அந்த வருஷம் பழைய ஓட்டுக் கட்டடத்தைப் பிரித்துவிட்டு, புதிதாகத் தளம் போட்ட சர்ச் கட்டிக்கொண்டிருந்தார்கள். பொங்கலுக்கு முன்னால் பிரதிஷ்டை. அன்றைக்குச் சபையின் சரித்திரத்தை யாராவது எழுதி வாசிக்க வேண்டும் என்றார்கள். தமிழ் டீச்சர் ஒருத்தி சும்மா உட்கார்ந்திருக்கும்போது வேறு யாரைத் தேடுவது? அரையாண்டு லீவு வேறு. சரி என்றேன். ஆனால் சபைப் பெரியவர்கள் ஒரு கொக்கி போட்டார்கள். எழுதுவது யார் வேண்டுமானாலும் எழுதலாம், மேடையில் நின்று வாசிப்பதென்றால் அங்கத்தினராக இருக்கவேண்டும். எனக்குச் சுருக்கென்றது. அப்படியானால் எழுதித் தருகிறேன், நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் பாஸ்டருக்கு இது வருத்தம். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், தாய்மொழி தெலுங்கு. தமிழை வேதாகமத்தை வைத்தே கற்றுக்கொண்டவர். வீட்டுக்குப் போனால் "சகோதரி, காபி பானம்பண்ணுங்கள்" என்பார். அவ்வளவு நல்ல மனுஷர். நான் மனசு மாறவேண்டும் என்று அவர் தனியாக ஜெபித்துப் பார்த்தார் போலிருக்கிறது. அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, அடுத்த ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்தில், அறிவிப்புகளுக்கு நடுவே, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"நம்முடைய டீச்சர் சகோதரி முழுகாமல் இருக்கிறார்கள். சபையார் அனைவரும் அவர்களுக்காகப் பாரத்தோடு ஜெபிக்க வேண்டும்."

முழுக்கு எடுக்காமல் இருக்கிறார்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. ஆனால் தமிழில் முழுகாமல் இருப்பதென்றால் பிள்ளையுண்டாகியிருப்பது என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த நொடி பெண்கள் பக்கத்திலிருந்து "அல்லேலூயா" என்று கிளம்பியது பாருங்கள், பூசாத சுவரெல்லாம் அதிர்ந்தது. பாஸ்டர் சந்தோஷமாகக் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபத்துக்கு இவ்வளவு வாஞ்சையா என்று நினைத்திருப்பார், பாவம்.

நான் எழுந்து சொல்லியிருக்கலாம். எழுந்திருக்க விட்டால்தானே! கோரை அறுக்கிற அக்கா ஒருவர், எங்கள் சபையிலேயே பெரிய தொண்டை அவருக்குத்தான், பாய்ந்து வந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இன்னா டீச்சர், கமுக்கமா கீறியே! எங்களாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" அவர் கையில் ஏரி வாசனை. ஒரு அம்மா தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்த நெல்லிக்காயை என் மடியில் போட்டார். எல்லாரும் சுற்றி நின்று என் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். அந்தக் கைகளின் கனம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். முக்காடு போட்டபடி மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், திரும்பவே இல்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறக்காததற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. எனக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. அதிகமில்லை, சில நாள்தான். முன்பும் அப்படித் தள்ளிப் போய் ஏமாந்திருக்கிறேன், அதனால் வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு மனுஷர், அர்த்தம் தெரியாமலே, மேடையில் நின்று அதைச் சொல்கிறார். ஒருவேளை அவர் வாயில் கடவுளே வந்து சொல்லிவிட்டாரோ? படித்தவள்தான், இலக்கணம் நடத்துகிறவள்தான். ஆனாலும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். நினைக்கத் தித்திப்பாக இருந்தது.

திரும்பிப் போகும்போது கரை வழுக்கியது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் அவர் என் கையைப் பிடித்து நடந்ததாக எனக்கு நினைவில்லை. "பாத்து வா" என்றார். சாயந்திரம் வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். நாள் தள்ளியிருப்பதையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. "அப்போ கொஞ்ச நாள் பாத்துட்டுச் சொல்லலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அந்த வாரம்தான் சரித்திரம் கேட்க வீடு வீடாகப் போவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை மத்தியானம் ஏரிக்கரைக்குப் போனேன். எந்த வீட்டுக்குப் போனாலும் இருக்கிற ஒரே நாற்காலியை எனக்குப் போட்டார்கள். தண்ணீர்க் குடத்தைத் தாண்டக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது, வாளை மீன் சாப்பிடக் கூடாது, விரால் சாப்பிடலாம். நான் கேட்டதென்னவோ சர்ச் எப்போது ஆரம்பித்தது என்றுதான். யாருக்கும் வருஷம் தெரியவில்லை. ஆனால் எல்லாப் பெண்களுக்கும் எல்லாமே தெரிந்திருந்தது, வேறு கணக்கில்.

"எம் மூத்தவன் வவுத்துல இருந்தப்போ சூளைல வேல செஞ்சுக்கினு இருந்தோம்" என்று ஆரம்பித்தார் கோரைக்கார அக்கா. ஒரு நாள் கனமழை. சுவிசேஷம் சொல்ல ஊர் ஊராகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு ஊழியக்காரர் மழைக்காகச் சூளைக் கொட்டகையில் ஒதுங்கினார். சும்மா நிற்கக் கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு பாட்டுப் பாடினார். மழை விடவில்லை, இன்னொன்று பாடினார். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாம் தடவை இவர்களும் கூடச் சேர்ந்து பாடினார்கள். அதுதான் எங்கள் சபையின் முதல் ஆராதனை. "மழ மட்டும் வுட்டிருந்தா, அவுரு பாட்டுக்குப் போய்க்கினு இருந்திருப்பாரு" என்று அக்கா சிரித்தார்.

கீற்றுக் கொட்டகை போட்டது அந்த மூத்தவன் பிறந்த வருஷம். புயலில் கொட்டகை பறந்துபோய் ஏரியில் விழுந்தது இன்னொரு வீட்டுப் பெண் பிறந்த வருஷம். செங்கல் சுவர் எழுந்தது அடுத்த தெருவில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்த வருஷம். அப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் காணிக்கையாக ஆளுக்கு ஒரு செங்கல் கொண்டுவருவார்களாம், சூளை முதலாளியும் கண்டும் காணாமல் இருந்துவிட்டாராம். ஓடு போட்டபோது வயல் வரப்பு வழியாக ஓடு சுமந்துகொண்டு வந்த ஒரு பெண்ணுக்கு வலி எடுத்து, சர்ச் வாசலிலேயே குழந்தை பிறந்துவிட்டது. அந்தக் குழந்தைக்கு வேதாகமத்திலிருந்து ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "ஓடு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கல்யாண வயதாகியும் அவள் ஓடுதான்.

ஒவ்வொரு வீட்டிலும் கதை முடியும்போது யாராவது என் வயிற்றைப் பார்த்து அதே வார்த்தையைச் சொல்வார்கள். "தளம் போட்டது டீச்சர் புள்ள பொறந்த வருஷம்." நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதுவதுபோல இருப்பேன்.

அந்த நாட்களை நான் நடந்து கழித்தேனா, மிதந்து கழித்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. மயிலாப்பூர் மாட வீதியில் காய்கறி வாங்கப் போவேன், வாங்க வந்தது எதுவென்று மறந்துபோய் நிற்பேன். கோலப் புத்தகம் விற்கிறவர்கள், பூ கட்டுகிறவர்கள், கச்சேரிக்குப் பட்டுப் புடவையில் வேகமாகப் போகிற மாமிகள் எல்லாரும் ஒரு மெல்லிய திரைக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருப்பார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நானும், இன்னும் பெயர் வைக்காத ஒருவரும். பிரதிஷ்டைக்கு மேடைத் திரைச்சீலைத் துணி வாங்கத் தி.நகருக்குப் போனேன். கடையில் துணியைக் கிழிக்கச் சொல்லிவிட்டு, பக்கத்து மேஜையில் இருந்த வெள்ளை மல் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிள்ளைத் துணிக்கு அதைத்தான் வாங்குவார்கள். "எத்தன மீட்டர்க்கா?" என்று கடைப்பையன் கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஆனால் கையை எடுக்க மனசில்லை. வீட்டில் மாமியார் சமைக்கும்போது ஞானப்பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார். அவர் பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாடியில் இருந்த வீட்டுச் சொந்தக்கார மாமிகூட எட்டிப் பார்த்து, "ஆத்துல என்ன விசேஷம்? பாட்டெல்லாம் கேக்கறதே" என்றார். மாமியார் சிரித்தார்.

வியாழக்கிழமை காலையில் எல்லாம் முடிந்தது. வழக்கமான வயிற்று வலி, வழக்கமான இடுப்பு வலி. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, எப்போதும்போல வெந்தயத்தை மோரில் போட்டுக் குடித்தேன். மாமியார் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பாட்டு நின்றிருந்தது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

இன்னும் ஒரு வீடு பாக்கி. சனிக்கிழமை போனேன். போகாமல் இருந்திருக்கலாம்தான், ஆனால் காத்திருப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். அது ஏரிக்கரையிலேயே கடைசி வீடு. அந்த வீட்டு அம்மா அதிகம் பேசுகிறவர் இல்லை. வரிசையாக எல்லாரும் சொன்னதையே அவரும் சொன்னார். கீற்று, புயல், சுவர். சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் இன்னொன்றும் சொன்னார்.

"நடுவுல எனக்கு ஒண்ணு பொறந்துச்சு டீச்சர். தங்கல. அந்த வருசந்தான் ஜன்னல் வெச்சோம். உள்ள ஒரே இருட்டா கீதுன்னு நான்தான் கேட்டேன்."

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தன்னுடைய பிள்ளைக்காக நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். வயித்துப் பிள்ளைக்காரி அழக் கூடாது என்றார். அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. இந்தப் பெண்களிடமிருந்து இனிமேல் ஒரு நெல்லிக்காய்கூட வாங்கித் தின்னக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் சொல்லிவிடத் தீர்மானித்தேன். அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அத்தை, பாஸ்டர் அன்னைக்குச் சொன்னது…" என்று இழுத்தேன்.

"தெரியும்மா" என்றார். "வியாழக்கிழமையே தெரியும். வெந்தயம் போட்டு மோர் குடிச்சியே."

நான் அவரையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் புடவை ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"நீயே சொல்லட்டும்னு விட்டுட்டேன். எனக்கும் ஒரு நாலு நாள் நல்லா இருந்துச்சு."

ஆறு வருஷத்தில் அவர் தன் மனசைப் பற்றி என்னிடம் சொன்னது அது ஒன்றுதான். இந்தப் பெண்மணிக்கு ஆசையே கிடையாது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்த் தானே காபி போட்டுக்கொண்டு வந்தார். வாயில் வைக்க முடியவில்லை, அவ்வளவு சர்க்கரை. அழுகைக்கு நடுவிலேயே நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிரசங்கத்துக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று தன் வாழ்க்கையில் நடந்ததைச் சாட்சியாகச் சொல்லலாம், அதற்கு அங்கத்தினராக இருக்கவேண்டியதில்லை. எழுந்தேன். அத்தனை முகங்களும் மலர்ந்து என்னைப் பார்த்தன. அந்த மலர்ச்சியை நான்தான் வாடவைக்கவேண்டும். பக்கத்தில் மாமியார் என் புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார், சின்னப் பிள்ளை பிடிப்பதுபோல.

"நான் முழுகாம இல்லீங்க" என்றேன். உடனே அது தப்பு என்று பட்டது. "அதாவது, முழுகாமதான் இருக்கேன். ஆனா அந்த முழுகாம இல்ல." தமிழ் டீச்சர்! வகுப்பில் பிள்ளைகளைச் சிலேடைக்கு உதாரணம் சொல்லு என்று நிற்கவைத்தவள். பாதி பேருக்கு ஒன்றும் புரியவில்லை. பாஸ்டருக்குச் சுத்தமாகப் புரியவில்லை. அப்புறம் ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு நேராகவே சொன்னேன். பாஸ்டர் சொல்ல வந்தது முழுக்கு ஞானஸ்நானத்தைப் பற்றி. எனக்குக் குழந்தை இல்லை. இருக்குமோ என்று நானும் சில நாள் நினைத்தேன், அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதுவும் இல்லையென்று ஆகிவிட்டது.

வெளியே வயலில் கொக்கு விரட்டுகிறவன் தகரத்தைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கோரைக்கார அக்கா மெதுவாக எழுந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"பாஸ்டர் நைனாவுக்கு மொதல்ல யாராச்சும் தமிழ் கத்துக்குடுங்கப்பா" என்றார். குரல் பாதியில் உடைந்துவிட்டது. வந்து என்னைக் கட்டிக்கொண்டார். பின்னாலேயே எல்லாரும் வந்தார்கள். போன வாரம் தலையில் வைத்த அதே கைகள். விஷயம் புரிந்ததும் பாஸ்டர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்து கை கூப்பினார். "எங்கள் பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள் என்று சொன்னால்தான் கர்ப்பவதி, சகோதரி. இங்கே முழுகாவிட்டால் கர்ப்பவதியா?" என்றார், உண்மையிலேயே திகைத்துப்போய். தெலுங்கில் அப்படித்தான் சொல்வார்களாம். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

எல்லாரும் உட்கார்ந்த பிறகு ஒரு பெண் சந்தேகம் கேட்டார். குத்தலாக இல்லை, நிஜமாகவே குழப்பத்தோடு. "அப்போ தளத்துக்கு இன்னா சொல்றது? டீச்சர் புள்ள பொறந்த வருசம்னுதான எல்லாரும் சொல்லி வெச்சிருக்கோம்."

ஜன்னல் கேட்டு வாங்கிய அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். "டீச்சர் நம்மாண்ட வந்து உக்காந்து கத கேட்டுச்சே, அந்த வருசம்னு சொல்லு. அது போதாதா?"

அதுவரை ஒரு பிரசங்கத்துக்கும் அசையாத என் பிடிவாதம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிள்ளை பெறாத பெண்ணுக்கு அவர்கள் கணக்கில் இடமே கிடையாது என்று நினைத்துக்கொண்டுதான் எழுந்து நின்றிருந்தேன். அவர்களோ எனக்காகக் கணக்கையே மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். நானே எதிர்பார்க்காமல் என் வாயிலிருந்து வந்தது:

"முழுகின வருஷம்னு சொல்லுங்க."

அப்பாவிடம் போய்ச் சொன்னபோதுதான் எனக்கு நிஜமான பயம். சாந்தோமில் எங்கள் வீட்டு முன்னறையில் பேப்பரை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்து வைத்தார். நான் கிளம்பும்போது வாசல் கேட் வரை வந்து சொன்னார். "சின்னதுல ஊத்தின தண்ணி எங்கயும் போயிடலை. அது மேலதானே இதுவும் ஊத்தறாங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் முழுக்கு எடுத்த அன்று காலை ஏரிக்கரையில், பனிக்குள், பெரிய டர்க்கி டவல் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் பின்னால் தள்ளி நின்றிருந்தார்.

தண்ணீர் சில்லென்று இருந்தது. பாஸ்டர் என் தோளைப் பிடித்துச் சாய்த்தார். உள்ளே பச்சை வெளிச்சம். கரையில் பாடிக்கொண்டிருந்த பாட்டு எங்கோ தூரத்து ஊரில் பாடுவதுபோல மங்கலாகக் கேட்டது. எத்தனை நேரம் உள்ளே இருந்திருப்பேன், ஒரு மூச்சு நேரம்தான். ஆனால் அந்த வாரம் முழுவதும் எனக்குள் வைத்திருந்து இழந்த அந்தப் பெயரில்லாத பிள்ளையை அந்தப் பச்சைக்குள் ஒரு தடவை நன்றாக நினைத்துக்கொள்ள அது போதுமானதாக இருந்தது. எழுந்தபோது கோரைக்கார அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று என் தலைமுடியைப் பிழிந்துவிட்டார். கரை ஏறியதும் அப்பா டவலைப் போர்த்தினார்.

பிரதிஷ்டை அன்று சரித்திரத்தை நானே மேடையில் நின்று வாசித்தேன். பெரியவர்கள் வருஷங்களைப் போடச் சொல்லியிருந்தார்கள். நான் பிள்ளைகளைப் போட்டிருந்தேன். ஓடு என்ற பெயர் வந்தபோது அந்தப் பெண் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். ஜன்னலையும் அது எந்தப் பிள்ளையின் ஜன்னல் என்பதையும் சொன்னேன். அந்த அம்மாவிடம் முன்னமே கேட்டிருந்தேன், சொல்லலாம் என்றிருந்தார்.

எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அற்புதம் ஏதாவது நடந்ததா என்று இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் கேட்பார்கள், நடக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. வயல் எல்லாம் கண்ணாடிக் கட்டடங்களாகிவிட்டது, ஏரி பாதியாகிவிட்டது. கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பிள்ளைகள் நிறையப் பேர் சபையில் சேர்ந்து, சர்ச்சுக்கு மேலே இன்னொரு மாடியும் எழும்பியாகிவிட்டது. முழுக்குக்கு இப்போது உள்ளேயே டைல்ஸ் போட்ட தொட்டி இருக்கிறது. புதிதாக வருகிற பிள்ளைகள் கீழ்த்தளம் எப்போது கட்டியது என்று கேட்டால், பழைய ஆட்கள் அதற்கு இன்னும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "டீச்சரம்மா முழுகின வருசம்." தாய்மார்கள் தங்கள் பிள்ளையின் வயதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை வருமே, அது எனக்குக் கிடைக்காது என்றுதான் நினைத்திருந்தேன்; அந்தக் கட்டடத்துக்கு எத்தனை வயது என்று யாராவது என்னைக் கேட்கும்போது, அது என் குரலிலும் வந்துவிடுகிறது.